வைப்பின் தீவின் வரப்புகள்: சைக்கிள் பாதையைக் காப்பது நெல்வயலே

புது தில்லி: நாடாளுமன்றம் 2016-ஆம் ஆண்டு இயற்றிய தேசிய நீர்வழிகள் சட்டம் நாடெங்கும் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் மூன்றாம் எண் பெற்ற மேற்குக் கடற்கரைக் கால்வாய், கொச்சி துறைமுகத்துக்கு எதிரே உள்ள வைப்பின் தீவின் கிழக்கே செல்கிறது. படகும் சரக்குக் கலமும் செல்லும் நீருக்கு எண் உண்டு, ஆணையம் உண்டு, நிதியும் உண்டு. அந்நீரின் கரையில் மக்கள் நடந்தும் சைக்கிள் மிதித்தும் செல்லும் மண்பாதைக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

அத்தகைய மண்பாதைகளுக்கு இப்போது உலக அளவில் புதிய மதிப்பு ஏற்பட்டுள்ளது. 'கிராவல் பைக்' எனப்படும் சரளைப்பாதை சைக்கிளே அதற்குக் காரணம். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமான டயர். அதில் காற்றழுத்தம் குறைவு. தார்ச்சாலையிலும் ஓடும், ஈரமண்ணிலும் ஓடும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சரளைச் சாலைகளில் 2006-இல் தொடங்கிய நெடுந்தூரப் போட்டி இவ்வகை ஓட்டத்துக்குப் புகழ் சேர்த்தது. சர்வதேச சைக்கிள் சங்கம் 2022-இல் இத்தாலியில் இதற்கென முதல் உலகப் போட்டியை நடத்தியது. வாகன இரைச்சலிலிருந்து விலகி, கால்வாய்க் கரையிலும் வயல்வெளியிலும் செல்வதே இதன் ஈர்ப்பு.

கொச்சியின் சைக்கிள் ஆர்வலர்கள் விடியற்காலையில் கடமக்குடித் தீவுகளையும் வைப்பினையும் நாடுவதும் இதற்காகத்தான். ஆனால் அவர்கள் செல்லும் பாதை எதுவும் சைக்கிளுக்காகப் போடப்பட்டதல்ல. அது நெல்லுக்காகப் போடப்பட்ட வரப்பு. நெல் போனால் வரப்பும் போகும் என்பதுதான் இன்றைய கவலை.

கடல் வைத்த நிலம்:

வைப்பு என்ற சொல்லின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்றும், அப்போது ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த மண்ணே வைப்பின் என்றும் கூறப்படுகிறது. அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு ஆண்டு' என்ற ஆண்டுக் கணக்கே இப்பகுதியில் வழங்கியது.

தீவின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். மேற்கே அரபிக் கடல், கிழக்கே வீரன்புழை உள்ளிட்ட காயல்கள். வடக்கு முனையில் முனம்பம், தெற்கு முனையில் கொச்சித் துறைமுகத்தின் வாயில். இவற்றை இணைக்கும் ஒரே பிரதான சாலையில்தான் பேருந்தும் லாரியும் காரும் நெருக்கியடித்துச் செல்கின்றன. எளங்குன்னப்புழை, ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி, பள்ளிப்புறம் என வரிசையாக அமைந்த ஊராட்சிகளில், சாலையை விட்டு இறங்கினால் தோடுகளும் வயல்களும் வரப்புகளுமே வழி.

2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை எர்ணாகுளம் செல்ல இத்தீவினருக்குப் படகே கதி. பாலத்துக்கான பணம், காயலின் ஒரு பகுதியை நிரப்பி, அந்நிலத்தை விற்றுத் திரட்டப்பட்டது. போர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் 'ரோ-ரோ' படகுகள் 2018-இல் ஓடத் தொடங்கின. 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி நீர்வழி மெட்ரோவின் முதல் தடமும் உயர் நீதிமன்றம்-வைப்பின் தடமே. தீவுக்குள் வருவது எளிதாகிவிட்டது. வந்து இறங்கிய பின் தீவுக்குள் செல்லும் வழிதான் கேள்விக்குறி.

நெல்லும் இறாலும்:

வைப்பின் வயல்களில் விளைவது பொக்காளி நெல். உப்பைத் தாங்கும் இந்நெல்லுக்கு 2008-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோடையில் வரப்புகளை மண்ணிட்டு உயர்த்தி, மதகுகளைச் சீர்செய்து, வயல் நீரை வடித்து, மண்ணைச் சிறு குவியல்களாகக் கூட்டி வைப்பர். தென்மேற்குப் பருவமழை அக்குவியல்களின் உப்பைக் கழுவிய பின் அவற்றின் மீது விதைப்பர். உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை. அறுவடையின்போது கதிரை மட்டுமே கொய்வர். தாள் வயலிலேயே அழுகும். நவம்பர் நடுவில் மதகு திறக்கப்படும். ஓதத்துடன் வரும் இறால் குஞ்சுகள் அத்தாளை உண்டு வளரும். ஏப்ரல் நடு வரை இறால் காலம். நெல்லின் எச்சம் இறாலுக்கு உணவு, இறாலின் கழிவு நெல்லுக்கு உரம். 'ஒரு நெல், ஒரு மீன்' என்று கேரளத்தில் கூறப்படுவது இதுவே.

இச்சுழற்சியின் அச்சாணி வரப்பு. ஆண்டுதோறும் அதனை உயர்த்தினால்தான் விதைக்க முடியும். அந்த உழைப்பின் உபரியாகக் கிடைத்ததே பள்ளிச் சிறுமியும் மீன் விற்பவரும், இன்று சைக்கிள் ஆர்வலரும் செல்லும் பாதை.

எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் ஒருகாலத்தில் 25 ஆயிரம் ஹெக்டேர் வரை பரவியிருந்ததாகக் கூறப்படும் பொக்காளி, இன்று அதன் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. சேற்றில் இறங்கி அறுக்க ஆள் கிடைப்பதில்லை. சாதாரண அறுவடை இயந்திரம் அங்கே புதைந்துவிடும். இறாலில் வரும் வருவாய் நெல்லில் இல்லை. ஆகவே சில வயல்கள் ஆண்டு முழுவதும் உப்புநீர் நிற்கும் இறால் குட்டைகளாகின்றன; சில தரிசாகின்றன; சில மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. தரிசு வயலின் வரப்பை உயர்த்துவார் இல்லை. உடைந்த வரப்பின் வழியே ஓதநீர் வீட்டு வாசலுக்கு வருகிறது. புதுவைப்பு முதல் எடவனக்காடு வரை ஓத வெள்ளம் அண்மை ஆண்டுகளில் வீடுகளுக்குள் புகுந்து சுவர்களை அரிக்கிறது. 2004-இல் சுனாமி எடவனக்காட்டில் உயிர்களைப் பலிகொண்டதையும் இத்தீவு மறக்கவில்லை. எனவே வரப்பு என்பது பொழுதுபோக்குக்கான பாதை மட்டுமல்ல, வீட்டைக் காக்கும் அரணும் ஆகும்.

தில்லியின் கோடு:

இந்த வரப்புக்குத் தில்லியின் ஏடுகளில் ஓரிடம் உண்டு. மத்திய அரசு 2019 ஜனவரியில் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1991 பிப்ரவரி 19-க்கு முன் கட்டப்பட்ட வரப்போ மதகோ இருக்குமிடத்தில் உயர் ஓதக் கோட்டை அவ்வரப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறது. அதாவது, கடலின் ஆட்சி எங்கே முடிகிறது என்பதை விவசாயி போட்ட வரப்பே தீர்மானிக்கிறது. நெருக்கமாகக் குடியிருக்கும் தீவு மக்களுக்கு வீடு கட்ட இது சலுகைதான். அதனைக் குறைகூற முடியாது. ஆனால் வரப்பை எல்லையாகக் காட்டும் அறிவிக்கை அதனைப் பராமரிக்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டமும் வயலை நிரப்பத் தடை விதிக்கிறதே அன்றி, வயலில் விதைக்கும் கரங்களை உருவாக்கிவிட முடியாது.

இன்னொரு புறம், பூவாறு முதல் குஞ்சத்தூர் வரை கேரள அரசு வகுத்த கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தில் சைக்கிள் தடமும் இடம்பெற்றது. சைக்கிளுக்கு இடம் அளிப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சாலைக்கு நிலம் இழக்க நேரும் மீனவக் குடும்பங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. புதிய தடத்துக்கு நிலம் எடுக்கும் அரசுகள், இருக்கும் தடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கரையை இழந்த அனுபவங்கள்:

கால்வாய்க் கரையை அகலச் சாலையாக்கும் ஆசை புதிதல்ல. தில்லிக்கு அருகே முராத்நகரிலிருந்து புர்காஜி வரை மேல் கங்கைக் கால்வாயின் கரையில் 111 கிலோமீட்டருக்குக் கன்வர் யாத்திரைச் சாலை அமைக்க உத்தரப் பிரதேச அரசு முடிவு செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்று செய்தி வெளியானதும், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2024-இல் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சென்னையிலோ, பக்கிங்காம் கால்வாயின் நடுவிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கம்பர்லண்ட் வரை செல்லும் செசபீக்-ஒஹையோ கால்வாய் 1924-இல் கைவிடப்பட்டது. அதன் கரையில் கார் சாலை அமைக்கலாம் என்று 1954-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேடு தலையங்கம் தீட்டியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், தம்முடன் அப்பாதையில் நடந்து வருமாறு அதன் ஆசிரியருக்கு அழைப்பு விடுத்தார். நடந்த பின் நாளேடு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971-இல் அக்கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று சுமார் 297 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மண்பாதையில் சைக்கிள்கள் ஓடுகின்றன.

ஆனால் வைப்பின் வரப்பைப் பூங்காவாக வேலியிட்டுக் காக்க முடியாது. அது உழைக்கும் நிலம். பல இடங்களில் தனியாருக்கு உரிமையானது. சிமென்ட் போட்டு 'சுற்றுலாப் பாதை' ஆக்கினால், முதலில் மோட்டார் சைக்கிளும் பின்னர் காரும், அவற்றைத் தொடர்ந்து விடுதியும் வரும். சைக்கிளுக்கு வேண்டியது ஓர் ஆள் அகல மண். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன?

வரப்பையும் மதகையும் வெள்ளத் தடுப்புக் கட்டமைப்பாக ஏற்று, அவற்றை உயர்த்தும் வேலைக்கு ஊரக வேலைத் திட்ட நிதியையும் பேரிடர்த் தணிப்பு நிதியையும் அளிக்கலாம். பொக்காளி விதைக்கும் விவசாயிக்கு, விளைந்த நெல்லுக்கு மட்டுமன்றி, காத்த வரப்புக்கும் தொகை வழங்கலாம். ஊராட்சிகள் தத்தம் வரப்புப் பாதைகளைப் பதிவேட்டில் ஏற்றி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் வழியுரிமையை உறுதி செய்யலாம்.

சைக்கிள் ஏழையின் வாகனம் என்றும், சரளைப்பாதை ஓட்டம் வசதி படைத்தோரின் விளையாட்டு என்றும் பிரித்துப் பார்ப்பது எளிது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதை அறிந்த தமிழருக்கு, இரு சக்கரத்தின் அரசியல் புதிதல்ல. பாதை யாருக்குத் திறந்திருக்கிறதோ அவர்களுக்கே ஊர் சொந்தம். வைப்பினில் அப்பாதையைப் போட்டவர் நெல் விதைத்தவர். அவரை வயலில் நிலைக்கச் செய்யாமல், அவர் போட்ட பாதையை மட்டும் காப்பாற்ற எந்தச் சட்டத்தாலும் இயலாது.