பெர்மிட் யார் கையிலோ, சம்பளமும் அவர் கையில்

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் உரிமைகள் குறைவல்ல. சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளமும், 14 நாள்களுக்குள் ஓவர்டைம் பணமும் வந்தாக வேண்டும். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டு கட்டாயம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவருக்கு இல்லாததால், ஐபிஏ என்னும் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தில் எழுதிய அடிப்படைச் சம்பளம்தான் அவருடைய பிடிமானம். அவர் எழுதிக் கொடுத்துச் சம்மதிக்காமல் முதலாளி அதைக் குறைக்க முடியாது. நிலுவை விழுந்தால் டாடெம் என்ற சமரச அமைப்பு; அங்கே தீராவிட்டால் 2017 முதல் இயங்கும் நடுவர் மன்றம். பொதுவாக 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் செலவும் இல்லை, இரு தரப்பும் தாமே வாதாட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் பலர் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்றால், அது அறியாமையால் மட்டும் அல்ல. யார்மீது புகார் சொல்ல வேண்டுமோ அவர்தான் வேலை பெர்மிட்டை ரத்து செய்யக்கூடியவர். ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. பெர்மிட் காலத்தின் நடுவில் வேறு கம்பெனிக்கு மாற, பொதுவாகப் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும். இதில் கொடுமை, சட்டத்தின் கெடுதான். வேலையில் இருப்பவர் கடந்த 12 மாத நிலுவையை மட்டுமே கோரலாம். வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பெர்மிட் முடியட்டும் என்று பயந்து காத்திருந்தவரின் பழைய மாதங்கள் கணக்கிலிருந்தே போய்விடுகின்றன. மௌனத்தின் லாபம் முழுவதும் சம்பளத்தைப் பிடித்து வைத்தவருக்கே.

ஆகவே புகார் பதிவான அன்றே வேறு வேலை தேடும் உரிமை கிடைக்க வேண்டும். இப்போது அது அதிகாரிகளின் அனுமதியாக இருக்கிறது, உரிமையாக இல்லை. பொய்ப் புகார்கள் குவியும் என்பார்கள். ஆனால் வேலை நேரக் கணக்கும் சம்பளச் சீட்டும் முதலாளி வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். பொய்யை உடைக்க அவருக்கு அவையே போதும். ஆளுக்கு 5,000 வெள்ளி பிணைப்பத்திரமும் மாதத் தீர்வையும் கட்டியவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. எனினும் ஆள் மாறினால் புதிய முதலாளி பிணையையும் தீர்வையையும் ஏற்கிறார். பழையவர் இழப்பது மிரட்டும் பலத்தை மட்டுமே. ஊரில் கிடைப்பதைவிட அதிகம்தானே என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. ஐபிஏவில் இருந்த தொகையை நம்பித்தான் அவர் கடனே வாங்கினார்.

சட்டம் மாறும்வரை தொழிலாளி செய்யக்கூடியது: தினமும் வேலை நேரத்தை எழுதி வைப்பது, சம்பளச் சீட்டைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவது, வெற்றுத் தாளில் கையெழுத்திட மறுப்பது, நிலுவை இரண்டாம் மாதத்தைத் தொடும்போதே டாடெமுக்குப் போவது.