பாரதி மீசையில் ஒரு பள்ளம்!

ஆபீஸில் பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள், ஸார். பேப்பரில் வந்திருக்கும் மந்திரி படத்தைப் பாருங்கள். முகமெல்லாம் புள்ளி! கறுப்புக்குப் பெரிய புள்ளி, வெளுப்புக்குச் சின்னப் புள்ளி. அவ்வளவுதான் மந்திரி.

அப்படியே 1960 செப்டம்பர் 11-ல் வந்த பாரதியார் ஸ்டாம்பைப் பாருங்கள். 15 நயா பைசா, நீல நிறம். மீசை மீசையாகவே இருக்கும். கன்னத்து நிழல் புகை மாதிரி கரையும்.

இது ‘போட்டோகிராவூர்’ வித்தை. 1879-ல் வியன்னாவில் கார்ல் கிளிச் என்பவர் சீர்படுத்தியது. போட்டோவை ஜெலட்டின் வழியாகத் தாமிரத்தில் இறக்குவார்கள். முகத்தில் வெளிச்சமான இடத்தில் ஜெலட்டின் தடிமனாக நிற்கும், நிழலில் மெல்லிசு. மேலே ஃபெரிக் குளோரைடை விட்டால், மெல்லிசான இடத்தில் சீக்கிரம் புகுந்து ஆழமாக அரிக்கும். தடிமனான இடத்தில் நகக்கீறல்தான். பிறகு மையைப் பூசி, மேற்பரப்பை வழித்துவிட்டு, காகிதத்தை அழுத்தினால் பள்ளத்து மை ஏறிவிடும். ஆழம் கூடினால் கருமை கூடும்.

நம்ம காரைக்காலுக்கும் இதில் பங்கு உண்டு. 1942-ல் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தாமரைப்பூ ஸ்டாம்ப் போட்டார்கள். பிரான்ஸ் ஹிட்லர் பிடியில். ஆகவே லண்டனில் இதே முறையில் அச்சானது.

சுதந்திர இந்தியா 1948 ஆகஸ்ட் 15-ல் காந்தி ஸ்டாம்ப் வெளியிட்டபோது நாசிக் அச்சகத்தில் இந்த வசதி கிடையாது. சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே கம்பெனி அடித்துக் கொடுத்தது. சுதேசிக் கிழவருக்கு ஃபாரின் அச்சு! நாசிக்காரர்கள் 1952 அக்டோபரில்தான் கபீர், மீரா, தாகூர் என ஆறு முகங்களோடு ஆரம்பித்தார்கள்.

அந்தப் பத்து ரூபாய்க் காந்தி மேல் ‘ஸர்வீஸ்’ என்று அச்சடித்து கவர்னர் ஜெனரல் ஆபீஸுக்குக் கொடுத்தது வெறும் 100. அதில் நாலு சேர்ந்த துண்டு 2017-ல் 5 லட்சம் பவுனுக்குப் போனது. நம்ம கணக்கில் சுமார் 4 கோடி!

இதைக் கேள்விப்பட்டுத்தான், பட்டினச்சேரியில் பெரியப்பா மகன், காலமான தன் அப்பாவின் தகர டப்பாவோடு வந்து நின்றார். “தம்பி, இதுல இருக்குமாடா?”

காந்தி இருந்தார். ஒன்றரை அணா. ‘ஸர்வீஸ்’ இல்லை.

“அப்ப பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடவா?”

“அண்ணே, மொதல்ல பாரதியைப் பாருங்க” என்று கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

“அப்பா ராத்திரியெல்லாம் லாந்தர் வெளிச்சத்துல இதைத்தான் உத்து உத்துப் பாப்பாரு. நாங்க பைத்தியம்னு சிரிப்போம்” என்றார்.

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடல் காற்றில் பசை ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். நடுவில் எண்ணெய்த்தாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.