சிப் போட்டாச்சு, நாய் எங்கே?

"நாய்க்குத்தான் சிப் போட்டாச்சே, அது எங்க சுத்துதுன்னு எந்த ஆப்ல பார்க்கறது?"

வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி 2025-ல் சொன்னதிலிருந்து, எங்கள் குடியிருப்பின் காலை டீக்கடைப் பேச்சில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. எந்த ஆப்பிலும் பார்க்க முடியாது என்றால், "அப்போ எதுக்கு அந்தக் குழந்தைக்கு ஊசி குத்தினாங்க?" என்று கோபம் வேறு. கோபத்தில் நியாயம் இருக்கிறது. போடுகிற இடத்தில் யாரும் உட்கார்த்தி வைத்து விளக்குவதில்லை. நீங்கள் டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

உள்ளே போவது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. தோள்பட்டைகளுக்கு நடுவே தோல் தளர்வாக இருக்குமே, அங்கே தோலைத் தூக்கிப் பிடித்து, தடுப்பூசி ஊசியைவிடத் தடித்த ஊசியால் செலுத்துவார்கள். குப்பிக்குள் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, துளியூண்டு மின்சில்லு ஒன்று. பேட்டரி கிடையாது. அதனால் சார்ஜ் தீராது, சூடாகாது, 'ரேடியேஷன்' அடிக்கும் என்ற பயமும் வேண்டாம். மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும்.

விழித்துக்கொள்வது டாக்டர் சிப்பைப் படிக்கும் ரீடரை முதுகின் மேல் கொண்டுபோகும்போதுதான். ரீடருக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் மின்னோட்டம் ஒரு நொடிக்கு 1,34,200 தடவை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. சுற்றிலும் காந்தப்புலம் துடிக்கிறது. துடிக்கும் காந்தப்புலத்தில் கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-லேயே ஃபாரடே காட்டிவிட்டார். உங்கள் வீட்டு இண்டக்ஷன் அடுப்பும் ஒயர்லெஸ் சார்ஜரும் அதே சங்கதிதான். அந்தக் கடன் வாங்கிய மின்சாரத்தில் சில்லு எழுந்து தன்னிடம் இருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்லும்: 15 இலக்க எண். ரீடர் 'பீப்' என்கிறது, சின்னத் திரையில் எண் வருகிறது, முடிந்தது. முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். நாயின் பெயர், உங்கள் முகவரி எதுவும் அதில் இல்லை.

"டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கை வண்டி வரும்போதே தூரத்திலிருந்து படிக்கிறானே, அதிலும் பேட்டரி இல்லையே?" என்று மாடி வீட்டு சார் மடக்கினார். நல்ல மடக்கு. ஃபாஸ்டேக் வேலை செய்வது பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில், 800, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம். காற்றில் சில மீட்டர் தாராளமாகப் போகும். ஆனால் அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே? தோலுக்கடியில் வைத்தால் படிக்கத் திண்டாட வேண்டும். அதனால்தான் விலங்குகளுக்குத் தாழ்ந்த அலைவரிசை. அது தோல், சதை எல்லாவற்றையும் சுலபமாகக் கடக்கும்; ஆனால் எட்டாது. காந்தப்புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உள்ளங்கை அகல தூரத்தில் பேசுகிற சிப், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரீடருக்குச் செத்த கல். பறக்கும் செயற்கைக்கோள் எங்கே!

செயற்கைக்கோள் என்றதும் ஜிபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்களுக்கு உங்கள் நாய் இருப்பதே தெரியாது. அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. கீழே இருக்கும் கருவி அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கு உங்கள் கைக்கு வர வேண்டுமானால் சிம் வேண்டும், ரீசார்ஜ் வேண்டும், பேட்டரி வேண்டும். இதெல்லாம் சேர்ந்த பட்டைதான் கடையில் விற்கும் ஜிபிஎஸ் காலர். லாப்ரடார் கழுத்தில் அழகாக உட்காரும், பொமரேனியன் கழுத்தில் பாரம். கார் நிறுத்தும் அடித்தளத்துக்குள் நாய் புகுந்துவிட்டால் அதுவும் திணறும். தோட்டம், வயல் என்று அவிழ்த்துவிட்டு வளர்க்கிறவர்களுக்கு வாங்கச் சொல்வேன். ஃபிளாட்டில் கயிற்றோடு நடக்கிற நாய்க்கு வேண்டாத செலவு என்பது என் கட்சி.

ஆப்பிளின் ஏர்டேகை மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் ஐபோன்கள் அதன் ப்ளூடூத் குரலைக் கேட்டுச் சேதி அனுப்பினால்தான் உண்டு. அண்ணா நகரில் பலிக்கும். கிராமத்து வாய்க்கால் வரப்பில் பலிக்காது. உள்ளே இருப்பது பொத்தான் பேட்டரி, நாய் கடித்து விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும். அது பொருள்களுக்காகச் செய்தது, பிராணிகளுக்காக அல்ல என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.

சரி, சிப்பால் என்னதான் பிரயோஜனம்? கோயில் வாசலில் செருப்பு விடும்போது கொடுக்கிற டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். 47 என்ற எண்ணுக்கு அர்த்தமே அந்த அலமாரியில்தான். சிப்பின் எண்ணுக்கு அர்த்தம் பதிவேட்டில். காணாமல் போன நாயை யாரோ ஒரு புண்ணியவான் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அங்கே ரீடர் இருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும், அந்த நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். சங்கிலியில் கடைசிக் கண்ணிதான் அதிகம் அறுபடுவது. சிம் மாற்றுகிறோம், வீடு மாற்றுகிறோம்; பாங்கில், கேஸ் ஏஜென்சியில், ரேஷன் கடையில் எல்லாம் மாற்றுகிறோம், நாய்க்கு மட்டும் மறந்துபோகிறது. சிப் போடும்போதே, எந்தப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள், பிறகு யாரிடம் சொல்லி மாற்றுவது என்று கேட்டு, அந்த எண் ஒட்டிய சீட்டைத் தடுப்பூசி அட்டையிலேயே ஒட்டி வையுங்கள். இங்கிலாந்தில் 2016 முதலே நாய்களுக்குச் சிப் கட்டாயம். அங்கே பதிவேடுகள் பல. எண் தெரிந்த பிறகும் அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

சிப்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு: கழற்ற முடியாது. காலர் அறுந்துபோகும், திருடுகிறவன் முதலில் கழற்றுவதும் அதைத்தான். நாய் யாருடையது என்று தகராறு வந்தால் நிறம், மச்சம் எல்லாம் வாய்ப்பேச்சு; எண் பேசும். தெருநாய்களுக்கும் சிப் போடுவது, எதற்குத் தடுப்பூசி போட்டாயிற்று, எதற்குக் கருத்தடை ஆயிற்று என்று குழம்பாமல் இருக்கத்தான்.

ஆனாலும் தீபாவளி வெடிக்கு மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடிய நாயை முதலில் பார்க்கப்போவது இஸ்திரி வண்டிக்காரரும் வாட்ச்மேனும்தான். அவர்கள் கையில் ரீடர் இல்லை. அதனால் காலரில் ஒரு தகடு தொங்கட்டும். அதில் நாயின் பெயரைவிட உங்கள் நம்பரைப் பெரிதாக, முடிந்தால் இரண்டு நம்பராகப் பொறித்து வையுங்கள். சாவி செய்து தருகிற கடைகளில் கேட்டால் பொறித்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. சிப் சில நாய்களுக்கு நாளாவட்டத்தில் தோளை விட்டு நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும். முதுகில் மட்டும் தேடிவிட்டு 'சிப்பே இல்லை' என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அடுத்த வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போகும்போது, "டாக்டர், ஒரு தடவை ரீடர் வெச்சுப் பாருங்க" என்று கேளுங்கள். எண் வருகிறதா, எங்கே வருகிறது என்று அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.