விண்மீன் படநூலும் குழந்தையும்

ஹம்பர்க் நகரிற் பிறந்த எச். ஏ. றே, நாட்சிப் படைகள் பரிஸை நெருங்கிய 1940இல் சைக்கிளில் அந்நகரைவிட்டு வெளியேறி, அமெரிக்காவிற் குடியேறியவர். 1954இல் அவர் சிறுவர்க்காக வெளியிட்ட விண்மீன் படநூல், பழைய வரைபடங்களின் பொருள் விளங்காக் கோடுகளை விடுத்து, கரடி கரடியாகவே தோன்றுமாறு புள்ளிகளை இணைத்தது.

இத்தகைய நூலைக் குழந்தைக்குக் காட்டுவோர் பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். கோடுகள் வானத்தில் இல்லை, மனிதர் வரைந்தவை என்பதன்றோ குழந்தை உணரவேண்டியது? பெருங்கரடியுள் அடங்கும் ஏழு மீன்களை இங்கிலாந்து மக்கள் கலப்பையாகவும், ஜேர்மானியர் வண்டிலாகவும், அமெரிக்கர் அகப்பையாகவும் கண்டனர். அன்றாட உழைப்பின் கருவிகளே வானில் ஏற்றப்பட்டன. சங்கப் புலவர் எழுமீன் என எண்ணிக்கையாற் சுட்டினர். வடமொழி மரபோ ஏழு முனிவரைக் கண்டது. (முனிவர் கையிற் கருவி இல்லை, உழைப்பினின்று விலகிய வகுப்பாரின் பார்வை அது எனலாம்.)

எனவே, நூலைத் திறக்குமுன் புள்ளிகளை மட்டும் தாளொன்றிற் படியெடுத்துக் குழந்தையிடம் கொடுத்தல் நன்று. அது தோணியையோ உலக்கையையோ வரையுமாயின் திருத்தவேண்டியதில்லை. பின்னர் றேயின் கரடியைக் காணும்போது, அதுவும் ஒருவர் வரைந்ததே என்பது தானே புலப்படும். சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் இம்மீன்கள் இலங்கையின் வடவானில் தெரிகின்றன. நூலை மூடிவிட்டு முற்றத்துக்குச் செல்லலாம்.