விளையாடினால் விலை குறையும்! - மை லிட்டில் போனி சேகரிப்பாளர்களின் விநோத உலகம்

ஒரு கிண்ணம் நிறைய வெந்நீர். அதற்குள் தலைகீழாக, கழுத்துவரை மூழ்கிக் கிடக்கிறது ரோஸ் நிறக் குதிரை பொம்மை ஒன்று. சில நிமிடங்கள் கழித்து வெளியே எடுத்து, தலையைப் பிடித்து மெதுவாகத் திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். பதற வேண்டாம், இது வைத்தியம்தான். உடம்புக்குள் விரலை விட்டு வாலை உள்பக்கமாக இழுத்தால், அதன் நுனியில் துருப்பிடித்த ஒரு சின்ன இரும்பு வளையம் வரும். நோய்க்குக் காரணம் அதுதான்.

சுமார் 40 வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு சிறுமி தான் குளிக்கும்போது இந்தக் குதிரையையும் தொட்டிக்குள் இறக்கிக் குளிப்பாட்டியிருப்பாள். தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, வளையம் துருவேறி, வாலின் அடிப்பாகம் பழுப்பாகிவிட்டது. 'டெயில் ரஸ்ட்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். விற்பனைக்கு வரும் பழைய குதிரையை வாங்கும் முன் சேகரிப்பாளர்கள் முதலில் தூக்கிப் பார்ப்பது வாலைத்தான்.

இதுதான் 'மை லிட்டில் போனி'. நம்மூர்க் கடைக்காரர்கள் காலையில் எதிர்பார்க்கும் போனி அல்ல, மட்டக்குதிரை. 1983-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்து, கோடிக்கணக்கில் விற்ற பொம்மை. இன்று அதைத் தேடித் தேடி வாங்குகிறவர்களில் பலர், அன்று அதை வைத்து விளையாடிய பெண்கள். அவர்கள் உலகத்தில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. எந்தக் குழந்தை ஆசை ஆசையாகத் தலைவாரி, குளிப்பாட்டி, முடிவெட்டி விளையாடியதோ, அந்தக் குழந்தையின் குதிரைக்கு விலை குறைவு. அட்டையைக்கூடப் பிரிக்காமல் யாருமே விளையாடாத குதிரைக்குத்தான் மவுசு.

'பெண் குழந்தைகளுக்குக் குதிரை எதற்கு?'

இந்தக் குதிரை பிறந்த கதையிலேயே ஒரு வீம்பு இருக்கிறது. போனி ஜாக்கர்லி என்ற ஓவியர் ஹாஸ்ப்ரோவில் பொம்மை வடிவமைப்பாளராக இருந்தார். ஆமாம், அவர் பெயரே போனிதான். அப்பா கால்நடை மருத்துவர். சிறு வயதில் ஜப்பானில் வசித்தபோது ஒரு மட்டக்குதிரையோடு பழகி, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஏங்கியவர் அவர். கடைசிவரை கிடைக்கவில்லை. வளர்ந்த பிறகு அந்த ஏக்கத்தைப் பொம்மையாக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னால், மேலிடத்தில் ஆர்வமே இல்லை. பெண் குழந்தைகளுக்கான பொம்மை என்றால் சமையல், துணி தேய்ப்பது, பாப்பாவைத் தூங்க வைப்பது என்று இருந்த காலம் அது.

விடாமல் கேட்டு ஒருவழியாக அனுமதி வாங்கி, சிற்பி சார்லஸ் முன்சிங்கருடன் சேர்ந்து உருவாக்கியது 1981-ல் வெளிவந்த 'மை ப்ரிட்டி போனி'. 10 அங்குல உயரம், கெட்டிப் பிளாஸ்டிக், காதை ஆட்டும், கண் சிமிட்டும். ஜாக்கர்லி மனதில் இருந்தது அதுவல்ல. கைக்குள் அடங்குகிற, தொட்டால் மெத்தென்று இருக்கிற, சீப்பால் வாரிவிடக்கூடிய முடியோடு ஒரு குதிரை. அது அடுத்த முயற்சியில்தான் கைகூடியது. மிருதுவான வினைலில், நிஜக் குதிரைக்கு இல்லாத நிறங்களில், பின்தொடையில் ஆளுக்கொரு சின்னத்தோடு முதலில் வந்தவை ஆறு. காட்டன் கேண்டி, ப்ளூ பெல், பட்டர்ஸ்காட்ச், மின்ட்டி, ஸ்னஸில், ப்ளாசம். பிறகு சிறகு முளைத்தவை, கொம்பு வைத்தவை, கடல் குதிரைகள், குட்டிகள் என்று குடும்பம் பெருகியது. 1984-ல் தொலைக்காட்சிக்கும் 1986-ல் சினிமாவுக்கும் போனார்கள்.

முடிதான் அதன் உயிர். அதனாலேயே முடிதான் அதன் பலவீனமும்.

பொம்மைக்கும் கேன்சர்

பழைய போனிகளின் நோய்ப் பட்டியலைக் கேட்டால் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்தது போலிருக்கும். வெயில்படும் ஜன்னலோரத்தில் வைத்திருந்தால் முடி வெளுக்கும். ரோஸ் நிறப் பிடரி கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். தண்ணீர் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடித்து, உடம்பில் கறுப்புப் புள்ளிகள் நிழல்போலத் தெரியும். சேகரிப்பாளர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் 'போனி கேன்சர்'. வினைலின் உள்ளிருந்தே கிளம்பும் பழுப்புநிறத் திட்டுகள் இவை. மேலே எத்தனை தேய்த்தாலும் போகாது. கறை ஒட்டியிருப்பது மேற்பரப்பில் அல்ல, பிளாஸ்டிக்கிற்குள் என்பதுதான் காரணம்.

வினைலை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலக்கும் பிளாஸ்டிசைஸர் என்ற பொருள். வருடங்கள் போகப்போக அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அதனால்தான் சில பழைய பொம்மைகள் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. ஜாக்கர்லி பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய அந்த மென்மையே பொம்மையின் ஆயுளைக் குறைக்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்திருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. ஆனால், எந்தக் குழந்தையும் அதைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்காது.

1980-களில் வந்த சில வகைகள் பிறக்கும்போதே சிக்கலோடு பிறந்தவை. உடல் முழுக்கப் பூனைமுடிபோல வெல்வெட் துகள் ஒட்டிய 'சோ சாஃப்ட்' குதிரைகளை ஒருமுறை அழுத்தித் தேய்த்துக் கழுவினாலே அங்கங்கே சொட்டை விழும். 'ஃப்ளட்டர்' குதிரைகளுக்குக் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சிறகுகள். ஒரு குழந்தையின் கையில் அது எத்தனை நாள் தாங்கும்? அதனால் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சிறகிழந்தவை. நான்கு சிறகும் முழுசாக இருந்தால், அதைப் பார்ப்பதற்கே சேகரிப்பாளர்கள் கூட்டம் கூடும்.

வைத்தியமும் விதவிதமாக உண்டு. துருப்பிடித்த வளையத்தைக் கழற்றிவிட்டு, வாலை ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்குகிறார்கள். இனி துருவே பிடிக்காது. சிக்குப் பிடித்த முடிக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு நம் தலைக்குப் போடும் கண்டிஷனர், அகலப் பல் சீப்பு. சுருட்டை முடி வேண்டுமானால் ஜூஸ் ஸ்ட்ராவில் சுற்றி வெந்நீரில் முக்கி எடுத்தால் போதும். மொட்டையடித்த குதிரை என்றால் வேலை அதிகம். தலையைக் கழற்றி, பழைய முடியின் அடிக்கட்டைகளைப் பிடுங்கி, அதே துளைகள் வழியாக ஒவ்வொரு கொத்தாக நைலான் முடியை ஊசியால் கோக்க வேண்டும். நாள்கணக்கில் ஆகும். பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

தேறாத குதிரைகளுக்கு 'பெய்ட்' என்று பெயர். முடி போய், சின்னம் அழிந்து, உடம்பெல்லாம் பேனாக் கிறுக்கலோடு மலிவாகக் கிடைப்பவை. அவற்றை வாங்கி வேறு வண்ணம் பூசி, புது உருவம் கொடுப்பவர்கள் தனிக் கூட்டம்.

குளம்பைத் திருப்பிப் பார்!

ஒரு போனி கைக்கு வந்ததும் விவரமறிந்தவர் செய்யும் முதல் காரியம், அதைக் கவிழ்த்துப் பாதத்தைப் படிப்பது. ஆண்டும் தயாரான நாடும் அங்கேதான் அச்சாகியிருக்கும். இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. அங்கே இருப்பது காப்புரிமை ஆண்டு, அந்தப் பொம்மை தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த ஆண்டு அல்ல. 'குளம்பில் இருக்கும் வருஷமே இது பிறந்த வருஷம்' என்று விலை ஏற்றிச் சொல்பவர்களிடம் ஏமாறுபவர்கள் இதில் புதியவர்கள்தான். முதல் ஆறு குதிரைகளில் ஆரம்பத்தில் வந்தவற்றின் பாதம் தட்டையாக இருக்கும். அடுத்து வந்தவற்றில் பாதம் உள்ளே குழிந்திருக்கும். பெயர், நிறம், சின்னம் எல்லாம் ஒன்றுதான். ஆனால், தட்டைப் பாதத்துக்குத் தனி மரியாதை.

கடையில் கிடைக்காத குதிரைகளும் இருந்தன. பொம்மை அட்டையில் லாடம் வடிவத்தில் புள்ளிகள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றை வெட்டிச் சேர்த்து, பணத்தோடு தபாலில் அனுப்பினால் சிறப்புக் குதிரை வீட்டுக்கு வரும். அப்படித் தபாலில் மட்டும் வந்த 'ரபன்ஸல்' இன்றைக்கும் பலருக்குக் கனவு. சாதாரணப் பழைய போனி சில டாலருக்கே கிடைக்கும்போது, இவள் போன்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள்.

அதைவிட ருசியான தேடல், நாடு நாடாகப் போவது. அப்போது பல நாடுகளில் உள்ளூர் நிறுவனங்கள் உரிமம் வாங்கி போனிகளைத் தயாரித்தன. கிடைத்த முடி, கிடைத்த சாயம் என்று அவரவர் போக்கில் செய்ததால், அமெரிக்காவில் நீலமாக இருந்தவள் இன்னொரு நாட்டில் வேறு நிறத்தில் இருப்பாள். கிரீஸ், அர்ஜென்டினா, பெரு என்று அந்த வரிசை நீள்கிறது. இந்த வகைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'நிர்வாணா'. நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. அவர்கள் சொல்வது, கிடைத்தால் மோட்சம் என்ற பொருளில்.

இந்தியாவில் தயாரான போனிகளும் அந்த மோட்சப் பட்டியலில் உண்டு. ஹாஸ்ப்ரோவின் பொம்மைகளை இங்கே கொண்டுவந்தது, அந்த நிறுவனமும் சென்னையின் எம்.ஆர்.எஃப் நிறுவனமும் கைகோத்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல். உங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது கலர் முடியோடு ஒரு குதிரை உருண்டு வந்தால், குப்பையில் போடும் முன் குளம்பைத் திருப்பிப் பாருங்கள்.

புதுசு வந்தாலும் பழசுக்குக் குறைவில்லை

சேகரிப்பாளர்கள் போனிகளைத் தலைமுறைகளாகப் பிரிக்கிறார்கள். 80-களில் வந்தது ஜி1. 1997-ல் ஒல்லி உடம்போடு வந்த ஜி2 அமெரிக்காவில் எடுபடவில்லை. 2003-ல் வந்த ஜி3-க்குக் குளம்பில் காந்தம் இருந்தது. பெரிய திருப்பம் ஜி4. 2010 அக்டோபரில் லாரன் ஃபாஸ்ட் உருவாக்கிய புதிய கார்ட்டூன் தொடர் வந்ததும் யாரும் எதிர்பார்க்காத ரசிகர்கள் கிளம்பினார்கள். வளர்ந்த ஆண்கள்! 'ப்ரோனி' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் 10,000 பேருக்கு மேல் கூடும் மாநாடுகளே நடத்தினார்கள். ஒரு காலத்தில் 'பெண் குழந்தைகளே வாங்க மாட்டார்கள்' என்று தயங்கியவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ! 2021-ல் நெட்ஃப்ளிக்ஸ் படத்தோடு ஜி5 வந்தது. 2024-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருக்கும் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம், பலமுறை இறுதிப் பட்டியல்வரை வந்து தோற்ற மை லிட்டில் போனியைத் தன் 'பொம்மைகளின் புகழ் மண்டபத்தில்' சேர்த்துக்கொண்டது.

புதுக் குதிரைகள் என்றால் பிரச்னையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜி4 குதிரைகளில் முடியைப் பிடித்துவைக்கத் தலைக்குள் போட்ட பசை, வருடங்கள் கழித்து வெளியே கசிந்து பிடரியெல்லாம் எண்ணெய் தேய்த்ததுபோல ஒட்டுகிறது. துரு போய்ப் பசை வந்தது, அவ்வளவுதான்.

முதல் ஆறு பேரையும் பழைய உருவத்திலேயே திரும்பவும் தயாரித்து விற்கிறார்கள். அட்டைகூட அன்று இருந்தது போலவே. சிறுவயதில் தவறவிட்டவர்கள் இதை வாங்கிச் சந்தோஷப்படுகிறார்கள். அட்டையை எறிந்துவிட்டு இதையே பழையது என்று விற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் காப்பாற்றுவது குளம்பு எழுத்துதான்.

கொலுப்படியில் இருக்கும் பொம்மையைத் தொட்டால் பாட்டி அதட்டுவார். அதற்கு ஒரு நியாயம் உண்டு, அது பார்ப்பதற்கான பொம்மை. போனி அப்படியல்ல, பெட்டியிலேயே ஒரு சீப்பும் வைத்துக் கொடுத்த பொம்மை. அதை அட்டைக்குள்ளேயே வைத்திருப்பது பொம்மைக்குச் செய்யும் மரியாதையா என்ற சண்டை சேகரிப்பாளர்களுக்குள் ஓயவில்லை. பிரிக்காதவர்கள், அச்சு அசலாக ஒரு காலத்தைப் பாதுகாக்கிறோம் என்கிறார்கள். பழுதுபார்ப்பவர்கள், குப்பைக்குப் போக இருந்ததைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், வெந்நீர்க் கிண்ணத்தோடு உட்காருபவர்கள் கைக்குத்தான், இன்னொரு குழந்தையின் பால்யம் வந்து சேர்கிறது.

பழைய போனிகளின் குளம்பில் சில சமயம் இன்னோர் எழுத்தும் இருக்கும். பள்ளிக்கோ தோழி வீட்டுக்கோ எடுத்துப்போகும்போது மாறிவிடக் கூடாது என்று, பால்பாயின்ட் பேனாவால் கோணல்மாணலாக எழுதிய ஒரு பெயர். பேனா மை வினைலுக்குள் இறங்கிவிடும், சோப்புக்குப் போகாது. அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். முகப்பருவுக்குப் பூசும் பென்ஸாயில் பெராக்ஸைடு க்ரீமைத் தடவி, சில நாள்கள் வெயிலில் வைத்தால் மை மெல்ல வெளுத்துப் போகும். விற்க நினைப்பவர்கள் அதைச் செய்கிறார்கள். துருவை எடுத்து, சிக்கை நீக்கி, முடியைக்கூட மாற்றிவிட்டு, அந்தப் பெயரை மட்டும் தொடாமல் அலமாரியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.