ஐம்பதை நாற்பத்தைந்தாக்கும் முன்

ஒரகடம் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு இப்படியொரு அவசர வேலை வரும். பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுற்றி, 50 மி.மீ. ஷாஃப்டின் முனையைத் தின்றிருக்கும். லைன் நின்றுவிட்டது. “டயாவைக் குறைத்து, சின்ன பேரிங் போட்டுக்கொள்ளலாம்” என்பார் கொண்டுவந்தவர்.

குறைக்கலாம். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு, விட்டத்தை மும்முறை பெருக்கி வரும் கணக்கில் இறங்கும். 45க்குக் கடைந்தால் வலுவில் 73 சதவீதம் மிஞ்சும். 40க்குப் போனால் 51 தான். காயம் ஆழமில்லையென்றால் 45லேயே நிற்பது நல்லது. மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய ஷாஃப்ட் என்றால் கடைசலோடு அந்தத் தோலும் போய்விடும். அதைத் தொடாதிருப்பதே மேல்.

உண்மையான ஆபத்து, 50ம் 45ம் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. அங்கே கூரான உளித்தடம் விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் அங்கேயே குவியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் மாதக்கணக்கில் நகர்ந்து, ஒருநாள் ஷாஃப்ட் இரண்டாகும். 1842இல் பிரான்ஸின் வெர்சாய் ரயில் விபத்தில் இன்ஜின் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்து இன்ஜினீயர் ரேங்கின், ரயில் அச்சுகளின் படிகளில் வளைவு வேண்டும் என்று எழுதினார். நம்மூர் டர்னர் “ஆர் போடு” என்பது அதைத்தான்.

அந்த ஆர் எவ்வளவு? 45 துளையுள்ள 6209 பேரிங்குக்கு 1 மி.மீ. வரை போகலாம். அதைத் தாண்டினால் பேரிங் தோளில் உட்காராமல் வளைவின் மேல் ஏறிக்கொள்ளும். பெரிய வளைவு வேண்டுமானால் இடையில் சரிவு வெட்டிய ஸ்பேசர் வளையம் போடலாம். பேரிங்கின் வெளிவிட்டமும் 90லிருந்து 85 ஆகிவிடுவதால் ஹவுஸிங்குக்கு ஒரு புஷ் தேவை. இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

அளவெடுக்க அவசரப்படக் கூடாது. கே6 பிட்டிங்குக்கு 45.002 முதல் 45.018 வரைதான் இடம். கடைந்த சூட்டில், அறையைவிட 30 டிகிரி கூடுதலாக இருக்கும்போது மைக்ரோமீட்டர் வைத்தால், ஆறியபின் சுமார் 15 மைக்ரான் சுருங்கியிருக்கும். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

நீளமான ஷாஃப்டுக்கு டெயில்ஸ்டாக் தாங்கல் கட்டாயம். சக் சாவியை எடுத்தபின்தான் ஸ்விட்ச். கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டக் கூடாது. எமரித் துணியை ஓடும் ஷாஃப்டில் விரலால் சுற்றிப் பிடிப்பது பழைய கெட்ட பழக்கம். துணி இழுத்தால் விரலும் கூடவே போகும்.

வேலை முடிந்ததும் மெஷின் கார்டில் “45, பேரிங் 6209” என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஷட்டவுனில் ஸ்டோரிலிருந்து பழைய 50 அளவு 6210தான் வரும்.