புட்டியில் அடைத்த போஷணை

பரீட்சைக் காலம் நெருங்கினால் வைட்டமின் புட்டி வாங்கும் பெற்றோர் பலர். குழந்தைக்கு ஞாபக சக்தி விருத்தியாகும் என்பது நம்பிக்கை. அந்த அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் மாத்திரை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று யோசிப்பது அவசியமல்லவா?

ஜாவாத் தீவில் டச்சு வைத்தியர் ஐக்மான், 1890-ஐ அடுத்த வருஷங்களில், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தவிடு கொடுத்ததும் தேறி நடப்பதையும் கண்டார். 1912-ல் காஸிமிர் ஃபங்க் என்பவர் இத்தகைய வஸ்துக்களுக்கு வைட்டமின் என்று நாமகரணம் செய்தார். குறைவை நிரப்பினால் வியாதி தீரும் என்பது இவ்வாறு ருசுவாயிற்று. குறைவில்லாத தேகத்தில் மேலும் கொட்டினால் பலம் கூடும் என்பது ருசுவாகவில்லை.

பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். சுவாசப்பைப் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994-ல் வெளியான முடிவோ நேர்மாறு. அதை உண்டவர்களிடையே அந்நோய் சுமார் 18 சதவிகிதம் அதிகமாகக் கண்டது!

ஆயின் மாத்திரையே வேண்டாமா? அப்படியன்று. தாயாகப் போகும் பெண்கள், கருவுறுமுன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்டுவந்தால், சிசுவின் முதுகுத்தண்டில் நேரும் பழுதுகள் பெரிதும் தவிர்க்கப்படுகின்றன. பி-12 தாவரங்களில் இல்லை. ஆகவே புலாலும் பாலும் தவிர்ப்போர் அதைத் தனியே பெறவேண்டும்.

இரும்புச் சத்தோ நம் வீட்டுப் பெண்களின் பிரச்னை. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். 2018-ல் ஏற்பட்ட திட்டப்படி, பள்ளிகளில் வாரம் ஒரு முறை 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. அதைக் கசப்பென்று எறிந்துவிட்டு, வர்ணப் புட்டிக்குப் பணம் கொடுப்பது என்ன விவேகம்? ஆகாரத்துக்குப் பின் அம்மாத்திரையை விழுங்கட்டும். உடனே தேநீர் மட்டும் வேண்டாம், இரும்பு உடலில் சேருவதை அது தடுக்கும்.

முருங்கைக்கீரை, பயறு, நெல்லிக்கனி ஆகியவை முதலில் நம் இலைக்கு வரட்டும். சோர்வு தீராவிடில், கடைக்காரரையன்று, வைத்தியரைக் கேட்டு இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம். இன்ன குறை என்று தெரிந்தபின் உண்ணும் மாத்திரையே மருந்து. தெரியாமல் உண்பது வீண் செலவு, சில சமயம் ஆபத்தும்கூட.